ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே: கிறிஸ்தவ சபைகள் எதில் வேறுபடுகின்றன, எப்படி ஒன்றுபட்டன?

தமிழ்நாட்டில் ஒருவர் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொன்னால் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேவா?" ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. என்றால் தென்னிந்தியத் திருச்சபை. பெரும்பாலானவர்கள் பிறந்த வீட்டை வைத்துப் பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்தச் சபைகளுக்குள் என்னதான் வித்தியாசம் என்று கேட்டால் பதில் தடுமாறும். வெளியே இருப்பவர்கள் "எல்லாரும் இயேசு சாமியைத்தானே கும்பிடுறாங்க" என்று முடித்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களில் சிலரோ, "அவங்க கும்பிடுறதெல்லாம் உண்மையான கிறிஸ்தவமே கிடையாது" என்று முடித்துவிடுவார்கள்.

இரண்டு பதிலிலும் எதிராளியைக் கேட்கிற பொறுமை இல்லை. முதல் பதில் அன்பாகத் தெரிந்தாலும், ஒருவர் உயிராக மதிக்கிற நம்பிக்கையைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு சபையும் தன் தனி வழக்கத்தின் மூலம் ஏதோ ஒன்றைக் காப்பாற்றப் பார்க்கிறது. அது என்ன என்று தெரிந்துகொண்டால், ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மதிக்க முடியும். இந்தக் கட்டுரை அதற்கான ஆரம்பப் பாடம்.

முதலில், பொதுவாக இருப்பது. கி.பி. 325-இல் இன்றைய துருக்கியிலுள்ள நிசேயா நகரில் ஆயர்கள் கூடி ஒரு விசுவாச அறிக்கையை உருவாக்கினார்கள். 381-இல் கான்ஸ்டான்டிநோப்பிள் சங்கம் அதை விரிவாக்கியது. கடவுள் ஒருவரே, தந்தை, மகன், தூய ஆவி என்று மூவராய் இருக்கிறார், இயேசு மெய்யான கடவுள், மெய்யான மனிதர், சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தார், மறுபடி வருவார். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், சி.எஸ்.ஐ. எல்லாருக்கும் இது பொது. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே ஆராதனைகளில் இதை மனப்பாடமாகச் சொல்லும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் நம்புவதும் இதையேதான். திரித்துவத்தை ஏற்காத யெகோவாவின் சாட்சிகள், ஒருமைப் பெந்தெகொஸ்தே பிரிவினர் போன்றோரை மற்ற சபைகள் இந்த வட்டத்துக்கு வெளியே வைத்துத்தான் பேசுகின்றன.

பிரிவினைகளின் வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 451-இல் கால்சிடோன் சங்கத்துக்குப் பிறகு எகிப்து, ஆர்மீனியா, சிரியா போன்ற பகுதிகளின் சபைகள் தனியே போயின. கேரளத்தின் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயச் சபைகள் இந்தக் குடும்பம்தான். 1054-இல் ரோமும் கான்ஸ்டான்டிநோப்பிளும் ஒன்றையொன்று சபைநீக்கம் செய்தன; கத்தோலிக்கரும் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸும் பிரிந்த பிரிவு இது. 1517-இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் தொடங்கியது சீர்திருத்தம்; புராட்டஸ்டண்ட் சபைகள் அதன் வழிவந்தவை. 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் எழுந்த எழுப்புதல், பெந்தெகொஸ்தே இயக்கத்தை உலகெங்கும் கொண்டுபோனது. இந்த நான்கு ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும்.

இனி, வீடுகளுக்குள் உண்மையிலேயே சண்டை மூட்டுகிற விஷயங்களுக்கு வருவோம். முதலாவது ஞானஸ்நானம்.

கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகள் கொடுப்பதில்லை. வளர்ந்து, சுயமாக நம்பி, வாயால் அறிக்கை செய்த பிறகுதான் தொட்டியிலோ ஆற்றிலோ முழுக்கு. ஒரு பேரன் இருபது வயதில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டு வந்து நிற்கும்போது, சி.எஸ்.ஐ. பாட்டிக்கு அது ஏன் அவ்வளவு வலிக்கிறது? தான் கையில் ஏந்திக் கொண்டுபோய்க் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று அவன் சொல்லிவிட்டதாக அவருக்குப் படுகிறது. பேரனுக்கோ அது வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தானே எடுத்த முடிவு. இருவரும் பொய் சொல்லவில்லை.

குழந்தை ஞானஸ்நானம் காப்பாற்றுவது, கடவுளின் கிருபை முந்தியது என்ற நம்பிக்கையை. நாம் அவரை அறிவதற்கு முன்பே அவர் நம்மை அழைக்கிறார். யூதக் குழந்தை எட்டாம் நாளில் விருத்தசேதனத்தால் உடன்படிக்கைக்குள் வந்ததையும், அப்போஸ்தலர் நடபடிகளில் பிலிப்பி சிறைக்காவலனின் வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றதையும் காட்டுவார்கள். மறுபக்கம், விசுவாசியின் ஞானஸ்நானம் காப்பாற்றுவது, நம்பிக்கையை யாரும் யாருக்காகவும் ஏற்க முடியாது என்பதை. புதிய ஏற்பாட்டில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக வெளிப்படையாக ஒரு வசனம்கூட இல்லை என்பார்கள், அது உண்மைதான். அந்தப் பக்கம் முழுக்கு எடுக்கும் வரை பிள்ளையைக் கடவுளுக்குப் பிரதிஷ்டை செய்து ஜெபத்தில் வளர்க்கிறார்கள். இந்தப் பக்கம் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவரைப் பதின்ம வயதில் திடப்படுத்தலுக்கு அழைத்து, உன் வாயால் நீயே சொல் என்று கேட்கிறார்கள். மறுபக்கம் சொல்வதன் அவசியம் இரு பக்கத்துக்கும் தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி.

இந்த ஒரு கேள்விக்காக உயிர் போயிருக்கிறது. 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் சிலர் ஒரு வீட்டில் கூடி, வளர்ந்தவர்களாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அன்றைய ஊர் நிர்வாகத்துக்கு அது ராஜதுரோகம் மாதிரி. ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் சபையின் உறுப்பினர் என்பதில்தான் அந்தச் சமூகமே நின்றது. மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தால் நீரில் மூழ்கடித்துக் கொல்வோம் என்று சட்டம் போட்டார்கள். 1527 ஜனவரி 5-இல் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கட்டி லிம்மட் ஆற்றில் மூழ்கடித்தார்கள். கொன்றவர்களும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களே. 2004-இல் சூரிச்சின் சீர்திருத்தச் சபை அந்தக் குற்றத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆற்றங்கரையில் நினைவுக்கல்லும் வைக்கப்பட்டது. 2010-இல் ஸ்டுட்கார்ட்டில் கூடிய உலக லுத்தரன் கூட்டமைப்பு, தங்கள் முன்னோர் செய்த துன்புறுத்தலுக்காக அந்த மரபின் வழிவந்த மெனோனைட் சபையாரிடம் மன்னிப்புக் கேட்டது. ஞானஸ்நானம் பற்றிய கருத்தை எந்தப் பக்கமும் மாற்றிக்கொள்ளவில்லை. கருத்து மாறாமலே மன்னிப்பும் நட்பும் நடக்க முடிந்தது.

இரண்டாவது சண்டை, அப்பமும் ரசமும். கத்தோலிக்கர் நற்கருணை என்பார்கள், சி.எஸ்.ஐ.யில் திருவிருந்து, பெந்தெகொஸ்தேயில் இராப்போஜனம் அல்லது கர்த்தருடைய பந்தி. கத்தோலிக்க நம்பிக்கையில் அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறிவிடுகின்றன. அதனால்தான் பூசை முடிந்த பிறகும் நற்கருணைப் பேழையில் அப்பம் பத்திரமாக இருக்கிறது, பக்கத்தில் விளக்கு எரிகிறது, உள்ளே வருபவர்கள் முழங்காலிடுகிறார்கள். லுத்தரன் நம்பிக்கையில் அப்பம் அப்பமாகவே இருக்கிறது, ஆனால் கிறிஸ்துவின் உடல் அதனோடு உண்மையாகவே இருக்கிறது. சீர்திருத்த மரபு எனப்படும் கால்வின் மரபில் தூய ஆவியின் வல்லமையால் விசுவாசி கிறிஸ்துவோடு இணைகிறார். பாப்டிஸ்டுகளுக்கும் பெந்தெகொஸ்தேயினர் பலருக்கும் இது "என்னை நினைவுகூரும்படி" என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிவது.

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் லூதரும் சூரிச்சின் சீர்திருத்தத் தலைவர் சுவிங்லியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். "இது என் உடல்" என்ற வசனத்தை லூதர் சுண்ணாம்புக் கட்டியால் மேசைமேல் எழுதி வைத்துக்கொண்டு, அதைவிட்டு நகர மறுத்தார். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் இருவரும் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவது திருவிருந்து. அதிலும் பெரும்பகுதி ஒத்துப்போய், உடல் அங்கே உண்மையில் இருக்கிறதா என்ற இடத்தில் முறிந்தது. அந்த ஒன்றுக்காகப் பிரிந்த லுத்தரன், சீர்திருத்த மரபுச் சபைகள், 1973-இல் ஐரோப்பாவில் லாய்ன்பெர்க் உடன்பாட்டின்படி ஒரே பந்தியில் உட்கார ஒப்புக்கொண்டன. இடையில் 444 ஆண்டுகள்!

நம் ஊர்க் கல்யாணங்களில் இது எப்படி வெளிப்படும் என்று பாருங்கள். கத்தோலிக்கப் பூசையில் ஃபாதர் நற்கருணை கொடுக்கும்போது, சி.எஸ்.ஐ. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போக முடியாது. "எங்களையெல்லாம் மனுஷனாவே மதிக்கலை" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கத்தோலிக்கப் புரிதலில், நற்கருணை வாங்குவது அந்தச் சபையோடும் அதன் ஆயரோடும் போப்போடும் முழு உறவில் இருக்கிறேன் என்று சொல்வதற்குச் சமம். அந்த உறவு இல்லாதபோது வாங்கச் சொன்னால், இல்லாததை இருப்பதாகக் காட்டுவது ஆகும். பெரும்பாலான சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பிற சபையாரையும் திருவிருந்துக்கு அழைப்பார்கள். பந்தி கர்த்தருடையது, எங்களுடையதல்ல என்பது அவர்கள் புரிதல். எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு. ஆனாலும் முதல் பக்கத்தில் அவமதிப்பு எதுவும் இல்லை என்று இப்போது தெரியும்.

மரியாள் பற்றிய சண்டை சத்தம் பெரிது, உள்ளே பார்த்தால் இவ்வளவு சிக்கல் கிடையாது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு நடக்கும் கூட்டத்தைப் பார்த்து, "மாதாவைக் கடவுளாக்கிட்டாங்க" என்பார்கள். கத்தோலிக்கப் போதனை தெளிவாகவே சொல்கிறது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவிடம் கேட்பது, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று. "கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர்" என்ற வசனத்தைப் புராட்டஸ்டண்டுகள் பிடித்துக்கொள்வதும் நியாயமானதே. மக்கள் பக்தியில் அந்தக் கோடு மங்குவது உண்டு, கத்தோலிக்கக் குருக்களே அதைக் கண்டித்துப் பிரசங்கிப்பதும் உண்டு. ஒரு சபையை எடைபோடும்போது அதன் போதனையை வைத்து எடைபோட வேண்டும். நம் சபையின் போதனையையும் அவர்கள் சபையின் தவறான நடைமுறையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நேர்மையான கணக்கு ஆகாது.

"கத்தோலிக்கர்கள் நற்கிரியையால் மீட்புக் கிடைக்கும் என்கிறார்கள், நாங்கள் விசுவாசத்தால் என்கிறோம்" என்பதும் ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்கிற வாக்கியம். 1999 அக்டோபர் 31-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்லாமல் கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலை நம்பும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார். தூய ஆவியானவரே நம்மை நற்கிரியைகளுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். மெத்தடிஸ்டுகள் 2006-இலும் சீர்திருத்தச் சபைகள் 2017-இலும் இதில் இணைந்தார்கள். பழைய வாக்கியம் இன்னும் பல பிரசங்க மேடைகளில் அப்படியே ஓடிக்கொண்டிருப்பது வருத்தமாக இருக்கிறது.

சரி, பேசிப் புரிந்துகொள்வது ஒரு பக்கம். நிஜமாகவே ஒன்றுசேர முடியுமா? முடியும் என்பதற்கு உலகமே திரும்பிப் பார்த்த உதாரணம் நம் மண்ணில்தான் இருக்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு தென்னிந்தியப் புராட்டஸ்டண்ட் ஒருவர் எந்தச் சபை என்பது, அவர் எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. திருநெல்வேலி என்றால் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்தது. மதுரை என்றால் அமெரிக்க காங்கிரிகேஷனல். நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன். வேலூர் வட்டாரத்தில் அமெரிக்க சீர்திருத்தச் சபை. மன்னார்குடியில் வெஸ்லியன் மெத்தடிஸ்ட். எந்த மிஷன் எந்த மாவட்டத்தில் வேலை செய்தது என்பதே காரணம். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அரசர்களும் ஆயர்களும் போட்ட சண்டைகளின் பெயரை, அந்தச் சண்டையைக் கேள்விகூடப்படாத ஒரு விவசாயி சுமந்துகொண்டிருந்தார்.

இதைத் தாங்க முடியாதவர்களில் முக்கியமானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-இல் இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயராகி (பிஷப்), ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் அவரும் மற்றவர்களுமாக முப்பத்துமூன்று பேர் கூடினார்கள். பெரும்பாலும் இந்தியப் போதகர்கள். இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள்மேல் வைக்கப்பட்டவை, இவற்றை நீடிக்க விடவும் நாங்கள் விரும்பவில்லை என்று அறிக்கை விட்டார்கள்.

அறிக்கை இரண்டு நாளில் முடிந்தது. ஐக்கியத்துக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. சிக்கிக்கொண்டது பேராயர் என்ற பதவியில். அப்போஸ்தலர்கள் காலத்திலிருந்து பேராயர்கள் கைவைத்துப் பேராயர்களை ஏற்படுத்தி வரும் தொடர்ச்சி அறுபடக் கூடாது என்பது ஆங்கிலிக்கன் நம்பிக்கை. கிறிஸ்துவின் பெயரால் கூடுகிற ஒரு சபை தன்னளவில் முழுமையானது, மேலே ஓர் அதிகாரி தேவையில்லை என்பது காங்கிரிகேஷனல் நம்பிக்கை. அவர்களின் முன்னோர் இங்கிலாந்தில் பேராயர்களின் கையில் சிறையும் அபராதமும் அனுபவித்தவர்கள்; பயத்துக்குக் காரணம் இருந்தது. பிரெஸ்பிட்டேரியன்களுக்கு மூப்பர்கள் கூட்டாக ஆள்வதே வேத முறை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் இருந்தது. பேராயர் கைவைக்காமலே குருவானவர்களாகி, முப்பது நாற்பது வருடம் ஊழியம் செய்தவர்களை என்ன செய்வது? மறுபடி அபிஷேகம் செய்தால், இதுவரை அவர்கள் கொடுத்த திருவிருந்தெல்லாம் என்ன ஆகிறது? செய்யாவிட்டால் ஆங்கிலிக்கன் மனசாட்சி என்ன ஆகிறது?

கடைசியில் வந்த வழியைக் கவனித்துப் பாருங்கள். பேராயர்கள் இருப்பார்கள், ஆனால் சபையின் அமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களாக. பேராயர் பதவியின் பொருளைப் பற்றி எந்த ஒரு விளக்கத்தையும் யார்மேலும் திணிக்க மாட்டார்கள். ஏற்கனவே குருவானவர்களாக இருப்பவர்கள் அப்படியே ஏற்கப்படுவார்கள், மறு அபிஷேகம் கிடையாது. இனி வரும் எல்லாருக்கும் பேராயர் கைவைத்தே அபிஷேகம். ஒரு சபையாரின் மனசாட்சிக்கு ஒவ்வாத ஊழியரை அவர்கள்மேல் சுமத்த மாட்டோம் என்று வாக்குறுதி. எல்லாம் சமன்பட முப்பது ஆண்டுகள் பொறுப்போம் என்று ஏற்பாடு. எந்தத் தரப்பும் தான் தவறு என்று எழுதிக்கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தாங்கள் காப்பாற்ற நினைத்ததைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வர முடிந்தது.

1947 செப்டம்பர் 27, நாடு விடுதலையடைந்து ஆறு வாரம். சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், காங்கிரிகேஷனலும் பிரெஸ்பிட்டேரியனும் ஏற்கனவே சேர்ந்து உருவான தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆயின. பேராயர்கள் உள்ள சபையும் இல்லாத சபைகளும் இப்படி ஒன்றுசேர்ந்தது சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு அதுவே முதல்முறை. பேராயர்களே இல்லாத ஸ்காட்லாந்துச் சபையிலிருந்து மிஷனரியாக வந்த லெஸ்லி நியூபிகின், அன்று மதுரை, இராமநாதபுரத்தின் பேராயராக அபிஷேகம் பெற்றார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வளர்த்த சபையும் இதில் சேர்ந்து, சபாபதி குலேந்திரனைத் தன் முதல் பேராயராகப் பெற்றது. அசரியா இதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1-இல் காலமாகியிருந்தார்.

புதிய சபை 1950-இல் தனக்கென ஒரு திருவிருந்து ஆராதனை முறையை அமைத்தது. அதில் சமாதானம் பரிமாறும் பழக்கம் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து எடுத்தது. குருவானவர் தன் இரு கைகளுக்குள் அடுத்தவரின் கைகளை வைத்துச் சமாதானம் கூற, அவர் அடுத்தவருக்கு என்று பீடத்திலிருந்து கடைசி வரிசை வரை அது கைமாறிப் போகும். மேற்கத்திய சபைகள் பல இந்தப் பழக்கத்தைப் பிற்பாடு கையாளத் தொடங்கியபோது சி.எஸ்.ஐ.யின் முறையைப் படித்துப் பார்த்தன. பிரிவினையை வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தது இது.

வட இந்தியாவில் 1970-இல் உருவான ஐக்கிய சபையில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்ததால் ஞானஸ்நானக் கேள்வியும் வந்தது. இரண்டு வழியையும் ஒரே சபைக்குள் அனுமதித்தார்கள். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றுப் பின்பு திடப்படலாம். அல்லது குழந்தையாகப் பிரதிஷ்டை செய்து, வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெறலாம். பெற்றோர் தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டார்கள்.

ஐக்கியம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொன்னால் அது பொய். தரங்கம்பாடியில் அந்தக் கூட்டம் நடந்தாலும், அந்த ஊரின் பெயரைத் தன் பேராயரின் பட்டத்தில் தாங்கிய தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இன்றும் தனியாகவே இருக்கிறது. போதனையில் இன்னும் தெளிவான உடன்பாடு வேண்டும் என்பது லுத்தரன் பக்கத்து வாதம். இதைவிட எனக்கு வலிப்பது வேறு. ஆங்கிலிக்கனும் காங்கிரிகேஷனலும் ஒன்றாக முடிந்த தமிழ்நாட்டில், ஒரே சபைக்குள் சாதி தனித்தனியாகவே உட்கார்ந்திருக்கிறது. கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களிலும் சுவர் எழுந்த ஊர்கள் உண்டு. அந்தப் பிரிவை எந்த விசுவாச அறிக்கையும் நியாயப்படுத்தவில்லை. அதனால் அதற்குப் புரிதல் தேவையில்லை, ஒழிப்புத்தான் தேவை.

கடைசியாக, சபை கடந்து கல்யாணம் செய்யப்போகும் வீடுகளுக்கு நடைமுறையில் உதவும் சில விஷயங்கள். ஒரு பக்கம் கத்தோலிக்கர் என்றால் மறைமாவட்ட ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் துணைதான் வாக்குக் கொடுக்கிறார். மற்றவரிடம் அந்த வாக்குறுதியைக் கேட்பதில்லை, விஷயத்தைத் தெரியப்படுத்தினால் போதும். இதை மண்டபம் பிடிப்பதற்கு முன்பே இரு பக்கத்துக் குருவானவர்களிடமும் பேசிவிடுங்கள். தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்ட சி.எஸ்.ஐ., லுத்தரன் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. அப்படிப்பட்டவருக்கு மறுபடி கொடுப்பதில்லை. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகள் பெரும்பாலும் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை, அதனால் அங்கே முன்கூட்டிப் பேசிக்கொள்வது நல்லது. யார் எந்தச் சபைக்குப் போனாலும் ஞானஸ்நானச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். கல்யாணத்தின்போது முதலில் கேட்பது அதைத்தான்.